சிறிய மீன் தொட்டியில் உயிர்ச்செடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளாஸ்டிக் செடியை எடுத்துவிட்டு உயிர்ச்செடி நட ஆரம்பித்தவர்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். முதல் மாதத்தில் "ஏன் அழுகுது?" என்பார்கள். ஆறு மாதம் கழித்து "எவ்வளவு வெட்டலாம்?" என்பார்கள். 20 முதல் 60 லிட்டர் வரை கொள்ளும் நன்னீர்த் தொட்டிகளை மனதில் வைத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரு விஷயம் பல பதில்களில் திரும்ப வரும்: அடியில் இருக்கும் பழைய இலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், கொழுந்தைப் பாருங்கள். செடி இன்று எப்படி இருக்கிறது என்பது கொழுந்தில்தான் தெரியும்.

தொட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

40 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம் உள்ள தொட்டி ஆரம்பத்துக்கு அருமையானது. கணக்குப்படி 36 லிட்டர் வரும். மண்ணும் கல்லும் போக சுமார் 30 லிட்டர் தண்ணீர் நிற்கும். 10 லிட்டருக்குக் கீழே போனால் எல்லாமே வேகமாக மாறும். ஒரு வேளை தீனி கூடினாலும் ஓர் இலைக்கொத்து அழுகினாலும் தண்ணீர் கெட்டுவிடும். உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம் வேண்டாம். அதில் விளக்கு வைக்கவும் இடமில்லை, கை விட்டு நடவும் இடமில்லை.

எடையை மறந்துவிடாதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. மண், கல், கண்ணாடி எல்லாம் சேர்ந்தால் இந்தச் சின்னத் தொட்டியே 40 கிலோவைத் தாண்டும். ஆட்டம் இல்லாத, மட்டமான மேசையாகப் பாருங்கள்.

எந்தச் செடியில் ஆரம்பிப்பது நல்லது?

இரண்டு வகைச் செடிகளைக் கலந்து நடுங்கள்: மெதுவாக வளர்பவை சில, வேகமாக வளர்பவை பல. அழகான மெதுவான செடிகளை மட்டும் வாங்கி நட்டுவிட்டு, மூன்றாவது வாரம் தொட்டி முழுக்கப் பாசி என்று வருந்துகிறவர்கள்தான் அதிகம். ஆரம்பத்தில் தண்ணீரில் சேரும் அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் இழுத்துக்கொள்ள வேகமான செடி வேண்டும். அது இல்லாத இடத்தைப் பாசி எடுத்துக்கொள்ளும்.

மெதுவான வகையில் அனுபியாஸ் நானா, ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன் வெண்டீ ஆகிய மூன்றும் குறைந்த வெளிச்சத்திலேயே நிற்கும். கிரிப்டோ இலங்கையின் ஓடைகளிலிருந்து வந்தது. வேகமான வகையில் ஹைட்ரில்லா, ஹார்ன்வொர்ட், ஹைக்ரோஃபிலா, வாலிஸ்னேரியா. கடைகளில் பகோபா என்று விற்கும் செடிகளின் இனம்தான் குளக்கரையில் படர்கிற நீர்ப்பிரமியும். தண்ணீருக்குள் முழுக்க மூழ்கியும் அது நன்றாக வளரும்.

நான் புதியவர்களுக்குச் சொல்வது இதுதான்: முதல் நாளே தரையில் பாதிக்கு மேல் செடியால் மூடுங்கள். மேலே ஒரு கைப்பிடி மிதவைச் செடியும் விடுங்கள். மிதவைச் செடிக்குக் கரியமில வாயு காற்றிலிருந்தே கிடைப்பதால் அது மற்ற எல்லாவற்றையும் விட வேகமாகத் தண்ணீரைச் சுத்தம் செய்யும். ஆனால் சின்ன இலை டக்வீடை மட்டும் விடாதீர்கள். ஒரே ஓர் இலை தங்கினாலும் திரும்பப் பெருகும். பிறகு அதை ஒழிப்பது பெரும்பாடு.

நீர்ச்செடி என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஒரே மாதத்தில் மஞ்சளாகிவிட்டதே?

அது நீர்ச்செடியே இல்லாமல் இருக்கலாம். லக்கி பேம்பூ, பீஸ் லில்லி போன்ற தரைச்செடிகளைப் பையில் போட்டு மீன் தொட்டிக்கென்று விற்பது பரவலாக நடக்கிறது. அவற்றின் வேர் தண்ணீரில் இருக்கலாம், இலை இருக்கக் கூடாது. மூழ்கடித்தால் சேமித்து வைத்த சத்தைத் தின்றுகொண்டு சில வாரமோ இரண்டு மூன்று மாதமோ பச்சையாக நிற்கும், பிறகு மஞ்சளாகி அழுகும். நானும் முதல் தொட்டியில் இப்படி நான்கு செடிகளை வாங்கி நட்டு, உரம் பற்றாக்குறை என்று நினைத்து உரமாக ஊற்றிக்கொண்டிருந்தேன்.

வாங்கும்போது தண்டைத் தொட்டுப் பாருங்கள். உண்மையான நீர்ச்செடியின் தண்டு பெரும்பாலும் தளர்வாக, தண்ணீரை விட்டு எடுத்தால் துவண்டு விழும். விறைப்பாக நின்று, இலையில் மெழுகுப் பளபளப்பும் இருந்தால் பெயரைக் கேட்டுச் சரிபார்த்துவிட்டு வாங்குங்கள். அனுபியாஸ் இதற்கு விதிவிலக்கு: இலை தடிமனாக, விறைப்பாக இருந்தாலும் தண்ணீருக்குள் பல வருடம் வாழும்.

நல்ல நீர்ச்செடிதான். ஆனால் நட்ட பத்து நாளில் இலையெல்லாம் கூழாகிவிட்டது. பிடுங்கிப் போடட்டுமா?

வேண்டாம். அதிகம் பேர் தோற்றுப்போகிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பண்ணைகளில் பெரும்பாலான செடிகளை ஈர மண்ணில், இலை காற்றில் இருக்கும்படி வளர்க்கிறார்கள். அப்படி வளர்ப்பது வேகமானது, பாசியும் வராது. காற்றில் வளர்ந்த இலைக்குத் தோல் தடிப்பு, துளைகள் வேறு மாதிரி. அதைக் கொண்டுவந்து தண்ணீரில் மூழ்கடித்தால் அந்த இலைக்கு அங்கே வேலை இல்லை. செடி பழைய இலையைக் கைவிட்டு, மெல்லிய புது நீர் இலையை விடும். நாம் பார்ப்பது சாவு மாதிரி தெரியும், நடப்பது உடை மாற்றம்.

கிரிப்டோகோரைன் இன்னும் ஒரு படி மேல். இடம் மாற்றினாலோ தண்ணீரின் தன்மை சட்டென்று மாறினாலோ ஒரு வாரத்தில் எல்லா இலையையும் கொழகொழவென்று கரைத்துவிடும். என் தொட்டியில் ஒரு கிரிப்டோ அப்படிக் கரைந்து, வெறும் சரளை மட்டும் தெரிந்தது. போய்விட்டது என்று முடிவு கட்டி அந்த இடத்தில் வேறு செடி நட இருந்தேன். மூன்றாவது வாரம் இடுக்கியால் சரளையை விலக்கியபோது கீழே வெள்ளை வேர் உறுதியாக இருந்தது. அதன் தலையில் ஓர் அரிசியளவு பழுப்புக் கொழுந்து. அந்த வேரிலிருந்து வந்த செடிதான் இன்று தொட்டியின் நடுவில் நிற்கிறது.

செய்ய வேண்டியது: கரைந்த இலையை மட்டும் காம்போடு கத்தரித்து எடுத்துவிடுங்கள், அழுகி அம்மோனியா ஆகாமல் இருக்கும். வேரைத் தொடாதீர்கள். ஆறு வாரம் கொடுங்கள். வேரை மெல்ல அழுத்திப் பார்த்து நசுங்கி நாறினால் மட்டும் எடுத்துப் போடுங்கள்.

அடியில் என்ன போடுவது? மணல் மட்டும் போதுமா?

போதும், எந்தச் செடி என்பதைப் பொறுத்து. 1 முதல் 3 மி.மீ. பருமன் உள்ள சரளை மணல் வேருக்கு வசதி. முன்பக்கம் 3 செ.மீ., பின்பக்கம் 6 செ.மீ. என்று சரிவாகப் போட்டால் பார்க்கவும் ஆழம் தெரியும். மாவு போன்ற நைஸ் மணல் இறுகிவிடும்.

மணலில் சத்து கிடையாது. வாலிஸ்னேரியா, கிரிப்டோ, அமேசான் ஸ்வோர்டு போன்ற வேரால் உண்ணும் செடிகளுக்குப் பக்கத்தில் உர மாத்திரையை அழுத்தி வைக்க வேண்டும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அக்வா சாயில் என்கிற சுட்ட மண் உருண்டையில் சத்து உள்ளேயே இருக்கும். ஆனால் முதல் சில வாரம் அது அம்மோனியாவை வெளியே விடும். அம்மோனியாவும் அதிலிருந்து உருவாகும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வரும் வரை மீன் விடக் கூடாது.

எந்தக் கல்லையும் சரளையையும் போடுவதற்கு முன் அதன்மேல் நாலு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. தண்ணீரின் கடினத்தன்மையைக் கூட்டிக்கொண்டே போகும்.

எப்படி நடுவது?

செடியோடு வந்த பிளாஸ்டிக் கிண்ணம், வேரைச் சுற்றியுள்ள பஞ்சு, தண்டைச் சுற்றிய ஈயப்பட்டை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பஞ்சை இழுத்தால் வேர் அறும்; தண்ணீரில் ஊறவைத்து இடுக்கியால் பிரித்தால் நன்றாக வரும். தண்டுச் செடிகளைக் கொத்தாக நடாமல் ஒவ்வொரு தண்டாக, இரண்டு விரல் இடைவெளி விட்டு, கீழே இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். கொத்தாக நட்டால் நடுவில் வெளிச்சம் போகாமல் அடி அழுகும்.

அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் வேறு கதை. அவற்றுக்குப் படுத்தபடி வளரும் தடித்த தண்டுக்கிழங்கு உண்டு. அதை மண்ணில் புதைத்தால் அழுகும். கல்லிலோ மரக்கட்டையிலோ பருத்தி நூலால் கட்டுங்கள், அல்லது சூப்பர் குளூ ஜெல்லை ஒரு பொட்டு வைத்து ஒட்டுங்கள். நூல் மக்குவதற்குள் வேர் கட்டையைப் பிடித்துக்கொள்ளும்.

விளக்கு எத்தனை மணி நேரம் எரிய வேண்டும்?

புதுத் தொட்டிக்கு ஆறு மணி நேரம். அதற்கு மேல் ஒரு நிமிடமும் வேண்டாம். செடி வேர் பிடித்து, கொழுந்து விட ஆரம்பித்த பிறகு வாரத்துக்கு அரை மணியாகக் கூட்டி எட்டு மணி வரை போகலாம்.

வெளிச்சம் என்பது செடிக்குச் சாப்பாடு என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது பசி மாதிரி. வெளிச்சம் கூடினால் செடிக்குப் பசி கூடும். அந்தப் பசிக்கு ஈடாகக் கரியமில வாயுவும் உரமும் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் செடி இளைக்கும், குறைந்த சத்திலும் வாழத் தெரிந்த பாசி கொழுக்கும். அதனால்தான் "செடி வளரவில்லை, இன்னொரு லைட் போடட்டுமா?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் இருக்கிற லைட்டைக் குறைக்கச் சொல்கிறேன்.

அளவுக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: லிட்டருக்கு 15 முதல் 25 லூமன் வரை இருந்தால் எளிய செடிகளுக்குப் போதும். 30 லிட்டர் தண்ணீருக்கு 450 முதல் 750 லூமன். விளக்கின் பெட்டியில் லூமன் எழுதியிருக்கும். நிறம் 6500 கெல்வின் அளவில் இருந்தால் இலை பச்சையாக, இயல்பாகத் தெரியும். ஒரு டைமர் வாங்கி மாட்டிவிடுங்கள். ஒரு நாள் ஐந்து மணி, மறுநாள் பதினொரு மணி என்று எரிவதுதான் கெடுதல்.

விளக்கு, ஃபில்டர் எதுவானாலும் மின்கம்பி பிளக்குக்குப் போகும் முன் பிளக்கை விடத் தாழ்ந்து தொங்கி ஏற வேண்டும். கம்பி வழியே வடியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது.

ஜன்னல் வெயில் போதாதா?

கட்டுப்படுத்த முடியாது என்பதுதான் சிக்கல். நேர் வெயில் படும் சின்னத் தொட்டி சூடேறும், தண்ணீரும் பச்சையாகும். 22 முதல் 28 டிகிரி வரை பெரும்பாலான செடிகளுக்கு இதம். 30-ஐத் தாண்டினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், மீன் மேலே வந்து வாய் திறக்கும்.

கரியமில வாயு சிலிண்டர் கட்டாயமா?

இல்லை. மேலே சொன்ன செடிகள் எதற்கும் தேவையில்லை. ஆனால் ஏன் சிலர் வைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது. கரியமில வாயு காற்றில் பரவுவதை விடத் தண்ணீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. வாயு சேர்க்காத தொட்டியில் லிட்டருக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் இருந்தாலே பெரிது. சேர்ப்பவர்கள் 20 முதல் 30 மில்லிகிராம் வரை கொண்டுபோகிறார்கள். சிவப்பு ரோட்டாலாவும் தரையில் புல்விரிப்பு போல் படரும் செடிகளும் அப்போதுதான் அடர்த்தியாக வரும்.

சேர்ப்பதென்றால் விளக்கு எரிவதற்கு ஒரு மணி நேரம் முன் திறந்து, அணைவதற்கு ஒரு மணி நேரம் முன் மூடுங்கள். இரவில் திறந்து விடவே கூடாது; இரவில் செடியும் ஆக்சிஜனைத்தான் எடுக்கும், மீன் திணறிப்போகும். உள்ளே தொங்கவிடும் கண்ணாடிக் குமிழில் நீலத் திரவம் பச்சையானால் அளவு சரி, மஞ்சளானால் அதிகம். 20 லிட்டருக்குக் குறைந்த தொட்டியில் எளிதில் அளவு மீறும், அங்கே நான் பரிந்துரைப்பதில்லை.

"திரவக் கார்பன்" என்று விற்கிறார்களே?

பெரும்பாலும் அது குளூட்டரால்டிஹைடு. மருத்துவக் கருவிகளைக் கிருமி நீக்கப் பயன்படும் பொருள் அது. பாசியைக் கொல்லும், அதனால் செடி செழித்தது போலத் தெரியும். வாயுவுக்கு மாற்று அல்ல. வாலிஸ்னேரியாவும் ஹார்ன்வொர்ட்டும் அதில் கரைந்துபோகலாம். கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

உரம் எப்போது, எவ்வளவு? இலையைப் பார்த்தே சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். எந்த இலையில் குறை தெரிகிறது என்பதை முதலில் பாருங்கள். நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் நான்கையும் செடி தனக்குள் இடம் மாற்றிக்கொள்ளும். தட்டுப்பாடு வந்தால் பழைய இலையிலிருந்து உருவிக் கொழுந்துக்குக் கொடுக்கும், தாய் பிள்ளைக்குக் கொடுப்பது போல. அதனால் அந்தக் குறை பழைய இலையில்தான் தெரியும். இரும்பையும் கால்சியத்தையும் அப்படி உருவ முடியாது. அவை குறைந்தால் கொழுந்தே வெளிறி வரும், சுருண்டு வரும்.

அடி இலை முழுவதும் பழுத்து உதிர்ந்தால் நைட்ரஜனைச் சந்தேகியுங்கள். பழைய இலையில் குண்டூசி குத்தினாற்போல ஓட்டை விழுந்து, ஓட்டையைச் சுற்றி மஞ்சள் வட்டம் வந்தால் பொட்டாசியம். கொழுந்து வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்பு. ஒன்றை மனதில் வையுங்கள்: ஓட்டை விழுந்த இலை உரம் போட்ட பிறகும் ஆறாது. அடுத்து வரும் இலை முழுதாக வந்தால் உரம் வேலை செய்கிறது என்று பொருள்.

மீன் நிறைய உள்ள தொட்டியில் நைட்ரஜன் மீன் கழிவிலிருந்தே கிடைக்கும். பொட்டாசியமும் இரும்பும் தண்ணீரிலும் தீனியிலும் குறைவு, அவற்றைத்தான் முதலில் சேர்க்க வேண்டியிருக்கும். எல்லாம் கலந்த திரவ உரம் ஒன்றை எடுத்து, புட்டியில் எழுதிய அளவில் பாதியில் ஆரம்பியுங்கள். நைட்ரேட் லிட்டருக்கு 10 முதல் 20 மில்லிகிராமுக்குள் நின்றால் செடிக்கும் மீனுக்கும் நல்லது. தோட்டத்துக்குப் போடும் யூரியா, மாட்டுச்சாண உரம் எதையும் தொட்டியில் போடாதீர்கள். அம்மோனியா ஒரே நாளில் மீனைக் கொன்றுவிடும்.

ஜாவா ஃபெர்ன் இலையின் அடியில் கறுப்புப் புள்ளி வரிசையாக வருகிறது. நோயா?

நோய் இல்லை. ஃபெர்ன் பூக்காது, விதைக்குப் பதில் வித்துத்தூள் விடும்; அந்தப் பைகள்தான் அவை. சில நாட்களில் அதே இலையின் நுனியில் வேரோடு குட்டிச்செடி முளைத்துத் தொங்குவதையும் பார்க்கலாம். மூன்று நான்கு இலை வந்ததும் கிள்ளி வேறொரு கல்லில் ஒட்டிவிடுங்கள்.

இலையில் முத்து முத்தாகக் குமிழ் நிற்கிறது. நல்ல அறிகுறியா?

எப்போது வருகிறது என்று பாருங்கள். தண்ணீர் மாற்றிய உடனே இலை, கண்ணாடி, ஃபில்டர் குழாய் எல்லாவற்றிலும் குமிழ் ஒட்டினால், புதுத் தண்ணீரில் கரைந்திருந்த காற்று பிரிந்து வருகிறது, அவ்வளவுதான். விளக்கு எரிந்து நான்கைந்து மணி நேரம் கழித்து, இலையின் விளிம்பில் மட்டும் ஊசிமுனை அளவில் தோன்றி, பெரிதாகி, விட்டு மேலே ஏறினால் அது செடி விடும் ஆக்சிஜன். தண்ணீரில் கரைய இடமில்லாத அளவுக்குச் செடி வேலை செய்கிறது என்று அர்த்தம். பள்ளியில் ஹைட்ரில்லாவைப் புனலுக்கடியில் கவிழ்த்துச் செய்த சோதனையில் பார்த்த அதே குமிழ். தண்டை வெட்டிய இடத்திலிருந்து இழைபோல் தொடர்ந்து குமிழ் ஏறுவதைப் பார்க்க நான் விளக்கணையும் வரை உட்கார்ந்திருப்பதுண்டு.

மாலையில் நுனி இலைகள் கூம்பிக்கொள்கின்றன. வாடுகிறதா?

தூங்குகிறது. லிம்னோஃபிலா, ஹைக்ரோஃபிலா போன்றவை விளக்கு அணையும் முன்பே கூம்பத் தொடங்கும். பகலின் நடுவிலேயே கூம்பினால் மட்டும் வெளிச்ச நேரம் தேவைக்கு மேல் நீள்கிறதா என்று பாருங்கள்.

பாசி! என்ன செய்தாலும் போகவில்லை.

பாசி என்று ஒன்று இல்லை, பல உண்டு. எது என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். செடியாக வளர்க்கும் மாஸையும் நம்மில் சிலர் பாசி என்பதால் சொல்லிவிடுகிறேன், இங்கே நான் பேசுவது தானாக வந்து ஒட்டும் ஆல்கேயைப் பற்றி.

முதல் மாதம் கண்ணாடியிலும் இலையிலும் படியும் பழுப்புத் தூள், விரலால் தடவினால் வந்துவிடும். டயாட்டம். புதுத் தொட்டிகளில் அநேகமாக வந்தே தீரும், தானே போகும். துடைத்துவிட்டுப் பொறுங்கள்.

கண்ணாடியில் சுரண்டினால் மட்டும் வரும் கடினமான பச்சைப் புள்ளி, பெரும்பாலும் பாஸ்பேட் குறைவும் வெளிச்சம் மிகுதியும் சேர்ந்தால் வரும். அனுபியாஸின் பழைய இலையை விரும்பிப் பிடிக்கும். தண்ணீரே பச்சையாக மாறினால் அது மிதக்கும் பாசி. நான்கு நாள் தொட்டியைப் போர்வையால் மூடி முழு இருட்டில் வைத்தால் பெரும்பாலும் தெளியும்.

பச்சையும் நீலமும் கலந்து, தோல் மாதிரி மண்ணைப் போர்த்தி, உரித்தால் ஏடாக வந்து, குப்பென்று மண் வாடை அடித்தால் அது பாசியே அல்ல, சயனோபாக்டீரியா. தண்ணீர் ஓட்டம் இல்லாத மூலையில், நைட்ரேட் தீர்ந்துபோன தொட்டியில் அதிகம். உறிஞ்சி எடுத்து, மூன்று நாள் இருட்டில் வைத்து, ஃபில்டரின் வாயை அந்த மூலைக்குத் திருப்புங்கள்.

எல்லாவற்றிலும் பிடிவாதமானது கறுப்புத் தாடிப்பாசி. இலை விளிம்பில் கறுப்பு மயிர்க்கற்றையாக நிற்கும். அது செம்பாசி இனம், சுரண்டினாலும் வராது. கரியமில வாயு அளவு ஏறி இறங்கும் தொட்டிகளில் தங்கிவிடும். அனுபியாஸ் கட்டிய கல்லை அப்படியே வெளியே எடுத்து, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை தூரிகையால் தாடியின் மேல் மட்டும் தடவுங்கள். இரண்டு நிமிடம் நுரைக்கும். நல்ல தண்ணீரில் கழுவித் திரும்ப வையுங்கள். இரண்டு மூன்று நாளில் கறுப்பு இளஞ்சிவப்பாக மாறினால் செத்துவிட்டது; பிறகு இறால்கள் வந்து மேயும்.

எந்தப் பாசியானாலும் பொதுவாகச் செய்வது: வெளிச்சத்தை ஒரு மணி நேரம் குறைப்பது, தீனியைக் குறைப்பது, அழுகும் இலையை அன்றன்றே எடுப்பது, வேகமாக வளரும் செடியைக் கூட்டுவது. பாசி கொல்லி மருந்தைக் கடைசிவரை தொடாதீர்கள். பல மருந்துகளில் செம்பு உண்டு, இறாலும் நத்தையும் தப்பாது. பாசி மொத்தமாகச் செத்து அழுகினால் அதன் அம்மோனியா வேறு வரும்.

பாசி தின்ன இறால் வேண்டுமென்றால் அமானோ இறால்தான் முதல் தேர்வு. ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் தகாஷி அமானோ (1954–2015) தன் செடித்தொட்டிகளில் கூட்டமாக விட்டுப் பிரபலப்படுத்தியதால் அந்தப் பெயர். இழைப்பாசியை நன்றாக மேயும், கறுப்புத் தாடியை உயிரோடு இருக்கும்போது பெரும்பாலும் சீண்டாது.

செடியோடு நத்தை வந்துவிட்டது. கொல்ல வேண்டுமா?

எதற்கு? சின்ன நத்தைகள் உயிருள்ள, நலமான இலையை அநேகமாகத் தின்பதில்லை. அழுகியதையும் பாசியையும்தான் தின்னும். 1850-இல் ராபர்ட் வாரிங்டன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் ஒரு கண்ணாடித் தொட்டியில் இரண்டு சின்னத் தங்கமீன்களையும் வாலிஸ்னேரியாவையும் வைத்துச் செய்த சோதனையை வெளியிட்டார். செடி ஆக்சிஜன் தந்தது, மீன் வாழ்ந்தது. ஆனால் அழுகிய இலைகளால் தண்ணீர் கலங்கியது. சில குளத்து நத்தைகளை விட்ட பிறகுதான் தெளிந்தது. செடித்தொட்டியின் கணக்கில் நத்தைக்கும் ஓர் இடம் உண்டு என்று அன்றே தெரிந்திருக்கிறது.

நத்தை திடீரென்று நூறாகப் பெருகினால் தீனி மிஞ்சுகிறது என்று பொருள். தீனியைக் குறைத்தால் எண்ணிக்கையும் குறையும்.

எந்த மீன் செடியைக் கெடுக்காது?

கப்பி, நியான் டெட்ரா, சின்ன ராஸ்போரா, ஒற்றை பெட்டா, செர்ரி இறால் எல்லாம் செடியோடு ஒத்துப்போகும். தங்கமீன் மென்மையான இலையைத் தின்னும், மண்ணைக் கிளறிச் செடியைப் பிடுங்கும். அதற்கு இந்த அளவுத் தொட்டியும் போதாது. பெரிய சிக்லிட் மீன்கள் குழி தோண்டும். இறால் வைத்திருப்பவர்கள் புதுச் செடியை நேராகத் தொட்டியில் போடாதீர்கள். பண்ணையில் அடித்த பூச்சிமருந்து இலையில் தங்கியிருக்கலாம். தனி வாளியில் ஒரு வாரம், தினமும் தண்ணீர் மாற்றி வைத்த பிறகு விடுங்கள்.

தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை மாற்றுவது?

முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் மூன்றில் ஒரு பங்கு. பிறகு வாரம் ஒரு முறை கால் பங்கிலிருந்து பாதி வரை. குழாய்த் தண்ணீரில் குளோரின் மட்டும் இருந்தால் அகலமான வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் போய்விடும். குளோராமைன் கலந்திருந்தால் அப்படிப் போகாது, குளோரின் நீக்கும் மருந்து போட்டே ஆக வேண்டும். ஃபில்டர் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழியுங்கள். குழாயடியில் கழுவினால் உள்ளே குடியிருக்கும் நல்ல பாக்டீரியா செத்துவிடும்.

வேர் பிடித்த பிறகு மண்ணுக்குள் சைஃபன் குழாயைக் குத்திக் கிளறாதீர்கள். மேலே தங்கும் குப்பையை மட்டும் உறிஞ்சினால் போதும்.

செடி இருந்தால் ஃபில்டர் வேண்டாமா?

வேண்டும். அடர்ந்த செடியும் மிகக் குறைந்த மீனும் உள்ள தொட்டி ஃபில்டர் இல்லாமல் ஓடும்தான், ஆனால் அது அனுபவப்பட்டவர்கள் செய்யும் வேலை. ஒரு சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். தண்ணீர் ஓட்டம் இருந்தால்தான் சத்தும் எல்லா இலைக்கும் போய்ச் சேரும்.

எப்படி, எவ்வளவு வெட்டுவது?

தண்டுச் செடி நீர்மட்டத்தைத் தொட்டதும் பாதியில், ஒரு கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். வெட்டிய நுனியைப் பக்கத்தில் நடுங்கள். அடித்தண்டின் கணுவிலிருந்து இரண்டு கிளை வரும். மூன்று நான்கு முறை வெட்டிய பிறகு அடித்தண்டு முரடாகி இலை உதிர்த்தால் அதை எடுத்துவிட்டு நுனிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கிரிப்டோ, அமேசான் ஸ்வோர்டு போன்றவற்றில் வெளிவட்டத்துப் பழைய இலையைக் காம்பின் அடியில் கத்தரிக்க வேண்டும். வாலிஸ்னேரியாவின் இலையை நடுவில் வெட்டினால் வெட்டிய முனை பழுக்கும். அதை அப்படியே நீர்மட்டத்தில் மிதக்க விடுவதுதான் எனக்குப் பிடிக்கும். அது பூக்கும் காலத்தில் நூல்போன்ற காம்பில் பெண்பூ மேலே வந்து நிற்பதையும், பிறகு அந்தக் காம்பு ஸ்பிரிங் போலச் சுருண்டு உள்ளே இழுத்துக்கொள்வதையும் பார்க்கக் கிடைக்கும்.

ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம். திடீரென்று செடி குறைந்தால் பாசிக்குக் கதவு திறந்துவிட்ட மாதிரி.

பத்து நாள் ஊருக்குப் போகிறேன். செடி தாங்குமா?

தாராளமாகத் தாங்கும். போவதற்கு முதல் நாள் தண்ணீர் மாற்றுங்கள், விளக்கை ஆறு மணி நேரமாக்குங்கள், உரத்தை நிறுத்துங்கள். வளர்ந்த, நலமான மீன்கள் ஒரு வாரம் பத்து நாள் தீனி இல்லாமல் இருக்கும். பழக்கமில்லாத ஒருவரிடம் தீனி போடச் சொன்னால் அள்ளிப் போட்டுவிடுவார். அதுதான் தொட்டியைக் கெடுக்கும். வேறு வழியில்லை என்றால் ஒவ்வொரு வேளைத் தீனியையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிக் கொடுங்கள்.

வெட்டிய செடி குவிந்துவிட்டது. பக்கத்துக் குளத்திலோ வாய்க்காலிலோ விடலாமா?

கூடவே கூடாது. ஒரு கணு உள்ள துண்டு ஹைட்ரில்லா போதும், புதுச் செடியாகிவிடும். தென்கிழக்கு பிரேசிலைச் சேர்ந்த சால்வீனியா மொலெஸ்டா என்ற மிதவைச் செடி பல நாடுகளில் ஏரிகளையும் கால்வாய்களையும் பாய் விரித்தாற்போல மூடி, கீழே வெளிச்சமும் ஆக்சிஜனும் போகாமல் செய்திருக்கிறது. செடி வளர்ப்பவர்களுக்குக் கொடுங்கள். மிச்சத்தை வெயிலில் விரித்து, கையில் எடுத்தால் நொறுங்கும் அளவுக்குக் காயவைத்து, பூந்தொட்டி மண்ணில் கலந்துவிடுங்கள். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரையும் வடிகாலில் விடாமல் அதே பூந்தொட்டிக்கு ஊற்றலாம். மருந்து எதுவும் போடாத தண்ணீராக இருந்தால் சரி.